நாலாவது சாட்சியா வரச்சொல்றாங்க, போகலாமா?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் ஹஜ்ரத். எங்க பில்டிங்ல மூணாவது மாடியில ஒரு சகோதரி மகளோட தனியா இருக்காங்க, புருஷன் மவுத்தாகி ரெண்டு வருஷம் ஆகுது. கொஞ்ச நாளா ஒரு ஆள் சாயந்தரம் வந்துட்டு லேட்டா போறாரு. என்கூட தொழுகைக்கு வர்ற மூணு பேர் இத கவனிச்சு படிக்கட்டுல நின்னு போட்டோ எடுத்து எனக்கும் அனுப்பியிருக்காங்க. வர்ற வெள்ளி ராத்திரி கதவத் தட்டி கையும் களவுமா பிடிக்கப் போறாங்களாம். "நாங்க மூணு பேர் இருக்கோம், நீயும் வந்தா நாலு சாட்சி ஆயிடும், மார்க்கப்படி சரியா இருக்கும்"னு சொல்றாங்க. முன்கர (மார்க்கம் தடுத்த கெட்ட காரியத்த) தடுக்கறது கடமை இல்லையா, வரலைன்னா உன் ஈமான்ல குறைன்னும் சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பல, ஆனா பதில் சொல்லத் தெரியல. போகலாமா?

பதில்:

வ அலைக்குமுஸ்ஸலாம் தம்பி. மொதல்ல ஒரு வேலைய முடிச்சுட்டு வந்து மிச்சத்தப் படிங்க. அந்த போட்டோ உங்க போன்ல இருக்குல்ல, அத டெலிட் பண்ணுங்க. கேலரியில மட்டும் இல்ல, வாட்ஸ்அப்புல, டிராஷ்ல, பேக்கப்புல எங்கெல்லாம் போய் உக்காந்திருக்கோ அங்க எல்லாம். யாருக்காவது ஃபார்வர்ட் பண்ணியிருந்தா அவங்ககிட்டயும் சொல்லி அழிக்கச் சொல்லுங்க. பண்ணிட்டீங்களா? சரி.

உங்க கேள்விக்கு பதில்: போகக்கூடாது. நீங்க மட்டும் இல்ல, அவங்க மூணு பேரும் போகக்கூடாது. உங்க மனசு ஒப்பலைன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அது ஈமான்ல குறை இல்ல தம்பி, அது ஈமான் வேலை செய்யறது.

ஸூரத்துல் ஹுஜுராத் 12ஆவது ஆயத்த எடுத்து மெதுவா ஓதிப் பாருங்க. அதிகமான சந்தேகங்கள விட்டு விலகிக்கோங்க, சந்தேகத்துல சிலது பாவம்னு மொதல்ல வருது. அடுத்து துருவித்துருவி ஆராயாதீங்கன்னு வருது, வலா தஜஸ்ஸஸூ. அதுக்கு அடுத்து ஒருத்தர ஒருத்தர் புறம் பேசாதீங்க, செத்த சகோதரனோட மாமிசத்தத் தின்ன உங்கள்ல யாருக்காவது பிடிக்குமான்னு கேக்குது. இந்த வரிசைய கவனிங்க. சந்தேகம், வேவு, புறம். உங்க படிக்கட்டுலயும் அதே வரிசையில தானே நடந்திருக்கு, ஒரு ஆள் வந்து போறத பாத்தாங்க, சந்தேகப்பட்டாங்க, நின்னு போட்டோ எடுத்தாங்க, இப்ப அந்தப் பொம்பளயப் பத்தி நாலு பேர் பேசறீங்க. உள்ள என்ன நடந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது, ஆனா வெளிய மூணு பாவம் நடந்து முடிஞ்சது நிச்சயம்.

வீட்டுக்குள்ள போறதப் பத்தி ஸூரத்துந் நூர்ல 27, 28ல தெளிவா இருக்கு. அடுத்தவங்க வீட்டுக்குள்ள அனுமதி கேட்டு சலாம் சொல்லாம நுழையாதீங்க, திரும்பிப் போங்கன்னு சொன்னா திரும்பிப் போயிடுங்க, அது தான் உங்களுக்குப் பரிசுத்தம்னு. இதுக்கு காரணத்த நபி (ஸல்) அவங்களே சொல்லியிருக்காங்க. ஒரு ஆள் அவங்க அறைக்குள்ள ஒரு ஓட்டை வழியா எட்டிப் பாத்தாரு. அப்ப நபியவங்க கையில தலை கோதுற ஒரு இரும்புச் சீப்பு இருந்துச்சு. நீ பாக்கறது தெரிஞ்சிருந்தா இதால உன் கண்ணுலயே குத்தியிருப்பேன், அனுமதி கேக்கறதுங்கற சட்டம் வந்ததே பார்வைக்காகத் தான்னு சொன்னாங்க. புகாரியில இருக்கற ஹதீஸ். எவ்வளவு மென்மையான மனுஷர், பள்ளிவாசலுக்குள்ள சிறுநீர் கழிச்ச கிராமத்துக்காரரக் கூட அதட்ட விடாதவங்க, எட்டிப் பாத்த கண்ணுக்கு இப்படிச் சொல்றாங்கன்னா வீட்டோட மறைவு அவங்களுக்கு எவ்வளவு பெருசா இருந்திருக்கணும். போன் கேமராவும் கண்ணு தான் தம்பி, இன்னும் மோசமான கண்ணு, பாத்தத மறக்கவே மறக்காது.

கலீஃபா உமர் (ரலி) அவங்க சம்பவம் ஒண்ணு நீங்க பயான்ல கேட்டிருப்பீங்க. ராத்திரி மதீனாவுல ரோந்து போறப்ப ஒரு வீட்டுக்குள்ள சத்தம் கேட்டு சுவர் ஏறிக் குதிச்சாங்க, உள்ள ஒரு ஆளும் ஒரு பொண்ணும் மதுவும். அந்த ஆள் சொன்னாரு, அமீருல் முஃமினீனே அவசரப்படாதீங்க, நான் அல்லாஹ்வுக்கு ஒரு விஷயத்துல மாறு செஞ்சேன்னா நீங்க மூணுல செஞ்சுட்டீங்க, வேவு பாக்காதேன்னான், பாத்தீங்க. வீட்டுக்கு வாசல் வழியா வான்னான், சுவர் ஏறி வந்தீங்க. சலாம் சொல்லாம நுழையாதேன்னான், நுழைஞ்சீங்க. உமர் அவங்க விட்டுட்டுப் போயிட்டாங்க. இத அறிவிச்சவங்களோட தொடர் உறுதியானதான்னு பேச்சு இருக்கு, அத மறைக்க மாட்டேன். ஆனா இன்னொரு சம்பவம், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) கூட ரோந்து போறப்ப ஒரு மூடின வீட்டுக்குள்ள குடிச்சுட்டு கூச்சல் போடறாங்க, என்ன பண்ணலாம்னு உமர் அவங்க கேக்க, அல்லாஹ் தடுத்தத நாம செஞ்சுட்டோம், துருவாதீங்கன்னு சொன்னான், நாம துருவிட்டோம்னு அப்துர் ரஹ்மான் அவங்க சொல்ல, ரெண்டு பேரும் திரும்பிட்டாங்க. இப்னு மஸ்ஊத் (ரலி) கிட்ட ஒருத்தர கூட்டிட்டு வந்து இவரு தாடியில மது சொட்டுதுன்னு சொன்னப்பயும், துருவறதுக்கு எங்களுக்குத் தடை, தானா ஏதாவது வெளிய தெரிஞ்சா நடவடிக்கை எடுப்போம்னு தான் சொன்னாங்க, அபூதாவூத்ல இருக்கு. ஆட்சியாளருக்கே, நீதிபதி ஸ்தானத்துல இருக்கறவருக்கே இது தான் எல்லைன்னா, உங்களுக்கும் எனக்கும் படிக்கட்டுல நிக்க யார் அதிகாரம் கொடுத்தது?

இப்ப அந்த நாலு சாட்சி விஷயத்துக்கு வர்றேன். உங்க கடிதத்துல என்னைத் தூங்க விடாத வரி அது தான். "நீயும் வந்தா நாலு ஆயிடும்." தம்பி, நாலு சாட்சிங்கறது ஆள் சேத்து எட்டிப் பிடிக்கிற டார்கெட் இல்ல. அது அல்லாஹ் ஒரு பொண்ணோட மானத்தச் சுத்திக் கட்டின மதில். அந்நூர் 4ஆவது ஆயத்த மறுபடி படிங்க, பத்தினிப் பொம்பளைங்க மேல பழி சொல்லி நாலு சாட்சி கொண்டு வராதவங்களுக்கு 80 கசையடி, அவங்க சாட்சிய அதுக்கப்பறம் எப்பவும் ஏத்துக்காதீங்கன்னு இருக்கு. அதாவது சாட்சி கொறஞ்சா கேஸ் தள்ளுபடி ஆகி வீட்டுக்குப் போற கதை இல்ல, அடி சொன்னவன் முதுகுல விழும். அந்த நாலு பேரும் நம்பகமான ஆளுங்களா இருக்கணும், செயலையே நேரா கண்ணால பாத்திருக்கணும், சுர்மாக் குப்பிக்குள்ள குச்சி போற மாதிரின்னு ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) கிதாபுல எழுதியிருக்கற அளவுக்குத் தெளிவா. ரூமுக்குள்ள ரெண்டு பேர் இருந்தாங்க, கதவு சாத்தியிருந்துச்சு, லைட் அணைஞ்சிருந்துச்சு, இது எதுவும் சாட்சியே இல்ல. ஹனஃபி மத்ஹபுல இன்னும் ஒரு படி மேல போய், பாத்தவங்க தக்க காரணம் இல்லாம நாள் கடத்திட்டு வந்து சொன்னா அந்த சாட்சியும் செல்லாதுங்கறாங்க, இவ்வளவு நாள் மறைச்சவன் இப்ப ஏன் பேசறான், பகை ஏதாவது கிளப்பிவிட்டுச்சான்னு சந்தேகம் வருதுல்ல.

நடந்த சம்பவமே இருக்கு. ஹிஜ்ரி 17 வாக்குல பஸ்ராவுல ஆளுநரா இருந்த முகீரா இப்னு ஷுஃபா (ரலி) மேல ஜினா, அதாவது கள்ள உறவு, குற்றம் சொல்லி நாலு பேர் சாட்சியா வந்தாங்க. உமர் (ரலி) அவங்க முன்னாடி மூணு பேர் முழுசா சொன்னாங்க. நாலாவது ஆள் ஸியாத் வந்து, நான் பாத்தது இவ்வளவு தான், அந்தச் செயலையே பாக்கலைன்னு சொன்னாரு. அவ்வளவு தான், மூணு பேருக்கும் கசையடி. அதுல அபூபக்ரா (ரலி) நபித்தோழர். அந்த அந்தஸ்து கூட அடியத் தடுக்கல. உங்க மூணு நண்பர்கள் இந்தச் சரித்திரத்த தெரிஞ்சுக்கணும். மூணு பேர் உறுதியா நின்னு நாலாவது ஆளத் தேடறது எவ்வளவு பயங்கரமான இடம்னு அவங்களுக்குப் புரியல.

நான் பல வருஷமா குடும்பப் பஞ்சாயத்துல உக்காந்துட்டு இருக்கேன். ஒரு நாள் ஒரு அம்மா வந்தாங்க, கைக்குட்டையில ஏதோ சுத்தி எடுத்துட்டு வந்து என் மேஜையில பிரிச்சு வெச்சாங்க. கதவுத் தாழ்ப்பாள். வளைஞ்சு போய், ரெண்டு ஸ்க்ரூ இன்னும் அதுலயே தொங்குது, ஒரு ஸ்க்ரூவுல மரச்சிலும்பு ஒட்டியிருக்கு. ராத்திரி ஒரு கூட்டம் வந்து தள்ளினப்ப பேந்து வந்தது. உள்ள இருந்த ஆள் யாருன்னா அவங்க பால்குடி சகோதரன். சின்ன வயசுல ரெண்டு பேரும் ஒரே தாய்கிட்ட பால் குடிச்சவங்க, மார்க்கப்படி கூடப்பொறந்த அண்ணன் மாதிரி மஹ்ரம், தனியா உக்காந்து பேசலாம், கூட சஃபர் போகலாம், நிக்காஹ்வே கூடாது. அந்தக் கூட்டத்துல ஒருத்தருக்கும் அது தெரியாது. கேக்கவும் இல்ல. அப்பறம் தெரிஞ்சு மன்னிப்பு கேட்டாங்க, ஆனா அந்த அம்மாவோட சின்ன மகன் அதுக்கப்பறம் யாரு கதவத் தட்டினாலும் கட்டிலுக்கு அடியில போயிடறானாம். அந்தத் தாழ்ப்பாள என்ன பண்றதுன்னு எனக்கும் தெரியல, அவங்களுக்கும் தெரியல, திரும்ப கைக்குட்டையில சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க.

இதச் சொன்னதும் நீங்க ஒண்ணு நினைக்கலாம், அப்ப மூணாவது மாடிக்கு வர்றவரு யாருன்னு விசாரிச்சுட்டா பிரச்சினை தீந்துடுமேன்னு. வேணாம். அதுக்கும் கிளம்பாதீங்க. அவரு அண்ணனோ, மாமாவோ, நிக்காஹ் பேசிட்டு இருக்கறவரோ, இல்ல தப்பாவே இருக்கட்டும், அத தெரிஞ்சுக்கற உரிமை உங்களுக்கு இல்ல. நல்ல எண்ணத்தோட துருவினாலும் துருவறது துருவறது தான்.

முன்கர தடுக்கறது கடமைங்கறாங்களே, அதுக்கு பதில். கடமை தான், யாரும் மறுக்கல. ஆனா முன்கருங்கறது வெளிய தெரியணும். கஸ்ஸாலி இமாம் (ரஹ்) இஹ்யாங்கற கிதாபுல இத அழகா எழுதியிருக்காங்க, ஒருத்தன் கதவ சாத்திக்கிட்டு சுவத்துக்குள்ள மறைஞ்சிருந்தா பாவத்தக் கண்டுபிடிக்கறதுக்காக அனுமதி இல்லாம நுழையக்கூடாது, வாத்திய சத்தம் சுவர் தாண்டி தெருவுக்கே கேக்கற மாதிரி தானா வெளிப்பட்டா அது வேற. காத வெச்சுக் கேக்கக்கூடாது, மது வாசனை வருதான்னு மோந்து பாக்கக்கூடாது, துணிக்குள்ள என்ன மறைச்சிருக்கான்னு தடவிப் பாக்கக்கூடாது. தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னாடி மறைஞ்சவங்க காது, மூக்கு, கைன்னு ஒவ்வொண்ணா எண்ணித் தடுத்திருக்காங்க.

உங்க நண்பர்கள்ல கொஞ்சம் படிச்சவர் யாராவது இருந்தா மாவர்தி இமாம் (ரஹ்) பேர எடுப்பாரு, அதனால அதையும் நானே சொல்லிடறேன். ஹிஜ்ரி 450ல மறைஞ்சவங்க, அல்-அஹ்காமுஸ் ஸுல்தானிய்யாங்கற கிதாபுல, அப்பறம் திருத்தவே முடியாத ஒரு காரியம், அதாவது ஒருத்தன் இன்னொருத்தன கொல்லப் போறான், இல்ல ஒரு பொண்ணோட ஜினாவுக்காகத் தனியாப் போயிருக்கான்னு நம்பகமான ஆள் வந்து சொன்னா, அந்த நேரத்துல போய்த் தடுக்கலாம்னு எழுதியிருக்காங்க. முஹ்தஸிபுக்கு, அதாவது பொது ஒழுக்கத்த கண்காணிக்க அதிகாரம் பெற்ற அதிகாரிக்கு மட்டும் இல்ல, தானா முன்வர்றவங்களுக்கும் இடம் கொடுத்திருக்காங்க. உண்மை தான், இருக்கு. ஆனா அங்கேயே எந்த உதாரணத்த சொல்றாங்க தெரியுமா? அதே முகீரா சம்பவத்த. சாட்சி கொறஞ்சதும் போனவங்களுக்கே கசையடி விழுந்துச்சுன்னும் சேத்தே எழுதறாங்க. அதோட அது ஒரு ஆபத்து இப்ப நடக்கப் போகுதுன்னு உறுதியான தகவல் வந்தா தடுக்கறதுக்கு, வெள்ளிக்கிழமைக்கு நாள் குறிச்சு ஆள் சேத்து காத்திருந்து பிடிக்கறதுக்கு இல்ல. தடுக்கறவன் நடக்கக்கூடாதுன்னு ஆசைப்படுவான். பிடிக்கப் போறவன் நடக்கணும்னு ஆசைப்படுவான். வெள்ளி ராத்திரி அந்தக் கதவு முன்னாடி நிக்கிற மூணு பேர் மனசு எத ஆசைப்படும்னு அவங்களே தனியா உக்காந்து யோசிக்கட்டும். அந்நூர் 19ல ஈமான் கொண்டவங்க நடுவுல மானக்கேடான விஷயம் பரவணும்னு விரும்பறவங்களுக்கு இம்மையிலயும் மறுமையிலயும் வேதனைன்னு இருக்கு. விரும்பறவங்களுக்கே அது.

மாஇஸ் (ரலி)ங்கற நபித்தோழர் தானா வந்து நான் தப்பு பண்ணிட்டேன்னு சொன்னப்ப நபி (ஸல்) முகத்த திருப்பிக்கிட்டாங்க, ஒரு தடவை இல்ல. முத்தம் கொடுத்திருப்பே, தொட்டிருப்பே, பாத்திருப்பேன்னு அவங்களே வழி காட்டிக் கேட்டாங்க, புத்தி சுவாதீனமா இருக்கானான்னு விசாரிச்சாங்க. யாரு கூடன்னு தேடிப் பிடிக்க ஆள் அனுப்பல. அவர அங்க போகச் சொல்லி அனுப்பின ஹஸ்ஸால்கிட்ட, உன் துணியால அவர மூடியிருந்தா உனக்கு நல்லதா இருந்திருக்கும்னு சொன்னாங்க. அந்த வார்த்தைய நினைக்கறப்ப எல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். தானே ஒத்துக்க வந்தவரையே துணியால மூடியிருக்கணும்னா, கதவு சாத்தி உள்ள இருக்கறவங்கள?

நாங்க ஜினான்னு சொல்லலையே, தனியா இருந்தாங்கன்னு மட்டும் தானே சொல்லப்போறோம்னு ஒரு வாதம் வரும். கல்வத்து, அன்னியப் பொண்ணோட தனிச்சு இருக்கறது, ஹராம் தான். ஆனா அதுக்குத் தண்டனைங்கறது தஃஸீர், அதாவது அளவு குறிக்கப்படாத தண்டனை, அத முடிவு பண்றது நீதிபதி, படிக்கட்டு இல்ல. மலேசியாவுல கூட்டாட்சிப் பகுதிகளுக்கான 1997ஆம் வருஷ ஷரீஅத் குற்றச் சட்டத்துல கல்வத்து தனிக் குற்றமா இருக்கு, அங்க கூட கதவத் தட்டி ரெய்டு போறது சரியான்னு முஸ்லிம்களுக்குள்ளயே பெரிய விவாதம். சவூதியில 2016ல மார்க்கப் போலீஸுக்கு தொரத்திப் பிடிக்கற, கைது பண்ற அதிகாரத்தையே எடுத்துட்டாங்க. ஈரான் குற்ற நடைமுறைச் சட்டத்துல 102ஆவது பிரிவு, கற்பு சம்பந்தமான குற்றங்கள விசாரிக்கவே கூடாது, யாரையும் கேள்வி கேக்கவே கூடாதுங்குது, பொது இடத்துல நடந்தது, புகார் கொடுத்தவர் இருக்கறது, பலாத்காரம், கூட்டமா திட்டமிட்டுப் பண்றது இதுங்க தவிர. நடைமுறையில எங்க எப்படி நடக்குதுங்கறது வேற பேச்சு, ஆனா சட்டம் எழுதறவங்களுக்கு இந்த எல்லை தெரிஞ்சிருக்கு.

ஒரு விஷயத்த அழுத்திச் சொல்லணும், ஏன்னா மறைக்கணும் மூடணும்னு இவ்வளவு பேசிட்டு இத விட்டா தப்பாயிடும். மூடச் சொன்னது அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் நடுவுல இருக்கற பாவத்த. ஒருத்தர் மேல இன்னொருத்தர் பண்ற அநியாயத்த இல்ல. அந்த வீட்டுலருந்து கத்தற சத்தம் கேட்டாலோ, அந்த சகோதரியோ மகளோ மிரட்டறாங்கன்னு உங்க வீட்டம்மாகிட்ட சொன்னாலோ, சின்னப் பிள்ளைக்கு ஏதாவது ஆபத்துன்னாலோ ஒரு நிமிஷம் நிக்கக்கூடாது, போலீஸுக்கு போகணும். பலாத்காரத்துக்கு ஆளானவ நாலு சாட்சி கொண்டு வரணும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. நபி (ஸல்) காலத்துல தொழுகைக்குப் போன ஒரு பெண்ண வழியில ஒருத்தன் பலவந்தம் பண்ணிட்டான், அந்தப் பெண்கிட்ட அவங்க நாலு சாட்சி கேக்கல, போம்மா அல்லாஹ் உன்ன மன்னிச்சுட்டான்னு தான் சொன்னாங்க. இந்த ரெண்டையும் கொழப்பினதால எவ்வளவு கெடுதின்னு பாகிஸ்தான் பாத்துச்சு, 1979 ஹுதூத் சட்டத்துல பலாத்காரத்தையும் ஜினாவையும் ஒரே சட்டத்துக்குள்ள வெச்சாங்க, புகார் கொடுக்கப் போன பொண்ணுங்க மேலயே ஜினா கேஸ் திரும்புச்சு, கடைசியில 2006ல தான் பலாத்காரத்த பிரிச்சு பொதுக் குற்றச் சட்டத்துக்கு மாத்தினாங்க. உங்க நண்பர்கள் சொல்ற சம்பவத்துல அப்படி ஒரு புகாரும் இல்ல, சத்தமும் இல்ல. ஒரு ஆள் வர்றாரு, போறாரு. அவ்வளவு தான்.

இப்ப நீங்க செய்ய வேண்டியது. அந்த மூணு பேரையும் சேத்து வெச்சுப் பேசாதீங்க, கூட்டமா இருந்தா ஒருத்தன் முன்னாடி ஒருத்தன் எறங்கி வர வெக்கப்படுவான். தனித்தனியா, யாரு கொஞ்சம் எளகின மனசோ அவர்கிட்ட மொதல்ல போங்க. நான் வரல, நீங்களும் போகாதீங்கன்னு நேரா சொல்லுங்க. போட்டோவ அழிச்சுட்டேன், நீங்களும் அழிங்கன்னு சொல்லுங்க. முகீரா சம்பவத்த சொல்லுங்க. ஒருத்தர் விலகினாலே அவங்க கணக்கு ஒடைஞ்சிடும். நீங்களும் அந்த போட்டோவ பாத்திருக்கீங்க, பேசிக் கேட்டிருக்கீங்க, அதுக்கு ரெண்டு ரக்அத் தொழுது தவ்பா செய்யுங்க. அந்த சகோதரிகிட்ட போய் உங்களப் பத்தி இப்படிப் பேசினோம் மன்னிச்சிடுங்கன்னு மட்டும் நிக்காதீங்க, அது அவங்க தூக்கத்தக் கெடுத்துட்டு உங்க மனச லேசாக்கிக்கற வேலை. அவங்களுக்காக துஆ செய்யுங்க, யாராவது அவங்களப் பத்தி தப்பா பேசினா அங்கேயே நிறுத்துங்க. படியில பாத்தா இதுவரைக்கும் எப்படி நடந்துக்கிட்டீங்களோ அப்படியே நடந்துக்கங்க, பார்வையில ஒரு மாத்தமும் தெரியக்கூடாது, முக்கியமா அந்தப் பிள்ளைக்கு.

சொல்லியும் கேக்காம வெள்ளி ராத்திரி கிளம்பினாங்கன்னா, தம்பி, நீங்க தடுக்க வேண்டிய முன்கர் அது தான். அவங்க கதவுகிட்ட போறதுக்கு முன்னாடி கீழேயே நின்னு தடுங்க, பில்டிங்ல பெரியவங்க யாராவது இருந்தா கூட வெச்சுக்கங்க, கதவுல கை வெச்சா போலீஸுக்கு போன் பண்ணுங்க, ஒண்ணா தொழறவங்களாச்சேன்னு கூச்சப்படாதீங்க. அதுக்கு முன்னாடி அவங்கள்ல யாருக்காவது என்கிட்ட நேர்ல பேசணும்னு தோணுச்சுன்னா கூட்டிட்டு வாங்க. திட்ட மாட்டேன். வியாழன் மஃரிபுக்கு அப்பறம் நான் சும்மா தான் இருப்பேன், அன்னிக்கே வாங்க.